மகளின் சாதிச் சான்றிதழில் என்ன எழுதுவது?

கேள்வி:

இயேசுவுக்கே புகழ். திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். தனியார் பேருந்தில் நடத்துநர். எங்கள் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கக் குடும்பம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நல்ல மார்க் எடுப்பாள். அவள் சான்றிதழில் கிறித்தவ ஆதிதிராவிடர், பி.சி. என்று இருக்கிறது. என் சித்தப்பா வீட்டார் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்கள், ஆனால் எழுத்தில் இந்து. அவர் பேரன் எஸ்.சி. ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய்விட்டான். "நீயும் மாத்தி வாங்கு, பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்காதே" என்கிறார்கள். சாமியை மறுதலித்து வாங்குகிற படிப்பு வேண்டாம் என்கிறாள் மனைவி. மகள் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: "கல்லறையில நம்மளத் தனியா வைக்கிறாங்க. தேர் நம்ம தெருவுக்கு வராது. சர்க்கார்கிட்டப் போனா, நீ கிறிஸ்தவப் பொண்ணு, உனக்குத் தீண்டாமை இல்லைங்குது. அப்ப நான் யாருப்பா?" தலித் கிறிஸ்தவர்கள் எஸ்.சி. உரிமை கேட்டு நடத்தும் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள் ஊர்வலத்துக்கும் இனி வரமாட்டேன் என்கிறாள். எங்கள் தேவாலயத்து மக்கள் மன்றமான பங்குப் பேரவையில் கல்லறை விஷயத்தைப் பேச எழுந்தேன். "வடநாட்டுல கன்னியாஸ்திரிகளையே கைது பண்றாங்க, இந்த நேரத்துல நமக்குள்ள சண்டை வேணுமா" என்று உட்கார வைத்துவிட்டார்கள். தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டு என்றும் ஜாடையாகச் சொல்கிறார்கள். ஒரு தகப்பனாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் சட்டக் கேள்வி ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் வழக்கறிஞர் மட்டுமல்ல, பங்கில் பெயர் எழுதப்பட்ட கத்தோலிக்கப் பெற்றோரும்கூட.

முதலில் சான்றிதழ். மாற்றாதீர்கள். உங்கள் மனைவி பக்கம் நின்று மட்டும் இதைச் சொல்லவில்லை. மகளின் பாதுகாப்பை நினைத்துச் சொல்கிறேன்.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், எழுத்தர் வேலைக்காக, தான் இந்து வள்ளுவன் சாதி என்று எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். விசாரணையில் அவருடைய ஞானஸ்நானப் பதிவு வந்தது. பெற்றோரின் திருமணம் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவானதும் வந்தது. அவர் தொடர்ந்து தேவாலயத்துக்குப் போகிறவர் என்பதும் வெளியே வந்தது. நம்பிக்கையில் கிறிஸ்தவராக இருந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்புச் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

உங்கள் மகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய படம் சுவரில் தொங்குகிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் டி.சி.யிலும் கிறித்தவம் என்றே இருக்கும். எஸ்.சி. சான்றிதழில் வேலைக்குப் போனவர்களின் சான்றிதழ் சரிபார்ப்புக் குழுவுக்குப் போகும். 1994-இல் உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் வகுத்த நடைமுறை அது. ஊருக்கு வந்து விசாரிப்பார்கள். மனக்கசப்பில் இருக்கிற ஒரு பக்கத்து வீட்டுக்காரர் போதும், ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். 2017-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகச் சொன்னது: பொய்ச் சான்றிதழில் வாங்கிய பட்டத்தையும் வேலையையும், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், வைத்துக்கொள்ள முடியாது. நாற்பது வயதில், வீட்டுக் கடனும் பிள்ளைகளும் இருக்கும்போது வேலை போவது எப்படி இருக்கும் என்பதை என் அலுவலகத்தில் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்களிடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை ஒரு பதினேழு வயதுப் பெண் தலையில் ஏற்ற வேண்டாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. உண்மையாகவே தாய்மதம் திரும்புகிறவரைச் சட்டம் ஏற்கிறது. 2015-இல் கே.பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு மூன்று நிபந்தனை வைத்தது: முன்னோர் அந்தச் சாதி என்பதற்கு ஆதாரம், மதம் திரும்பியதற்கு ஆதாரம், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம். உங்கள் மகள் பதினெட்டு வயதுக்குப் பிறகு தன் மனசாட்சிப்படி எந்த நம்பிக்கையைத் தேர்ந்தாலும் அது அவள் உரிமை. நீங்கள் அழலாம், ஜெபிக்கலாம், தடுக்க முடியாது. ஆனால் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு, திங்களன்று கெஜட்டில் மட்டும் மதத்தை மாற்றிக்கொள்வது அதுவல்ல. அவளுக்காக நீங்கள் இப்போது கையெழுத்துப் போடுவதும் அதுவல்ல.

உங்கள் சித்தப்பா வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைத் துரோகி என்று வீட்டில் பேசாதீர்கள். இந்த நாட்டில் நம்பிக்கைக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதால்தான் எத்தனையோ குடும்பங்கள் வீட்டில் ஒரு பெயரும் ரிக்கார்டில் ஒரு பெயருமாக வாழ்கின்றன. பாவமா இல்லையா என்பதை அவரவர் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்ளட்டும். அதைத் தீர்ப்பிடும் வேலை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

சரி, அந்தச் சட்டம் என்ன என்று மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணை சாதிகள் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் அட்டவணை சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியேதான். அதனால்தான் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள்.

இந்த ஆணையை எதிர்த்துச் சென்னையிலிருந்தே ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். பெயர் சூசை. சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். 1982-இல் அரசுத் திட்டம் ஒன்றில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை, அவர் கிறிஸ்தவர் என்பதால். 1985-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்வதாகக் காட்டினால் மட்டும் போதாது, அந்தச் சாதியால் வரும் இழிவும் ஒடுக்குமுறையும் புது மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று காட்ட வேண்டும், அதற்கான ஆதாரம் எங்கள் முன் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள்.

இந்த வரியை நீங்கள் இரண்டு முறை வாசியுங்கள். உங்கள் கல்லறையும் உங்கள் மகளின் சான்றிதழும் இங்கேதான் ஒன்றாக வந்து நிற்கின்றன. டெல்லியில் நாம் கேட்கும் மனுவின் உயிரே, கிறித்தவத்துக்குள் தலித் மக்கள் இன்றும் ஒதுக்கப்படுகிறார்கள் என்பதுதான். பங்கில் அதைச் சொல்ல எழுந்தால், சண்டை வேண்டாம் என்று உட்கார வைக்கிறோம். நீதிமன்றத்தில் இருக்கிறது என்று வாதாடும் ஒன்றை, ஊரில் இல்லை என்று சாதிக்க முடியாது. உங்கள் மகள் ஊர்வலத்துக்கு வர மறுப்பது விசுவாசம் குறைந்ததால் அல்ல. இந்த இரட்டைப் பேச்சு அவளுக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். அவளிடம் திருச்சபைக்காக வாதாடாதீர்கள். அவள் சொல்வது உண்மை என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆயர்களே (பிஷப்புகளே) ஒத்துக்கொண்டதைத்தான் அவள் சொல்கிறாள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை அதிலேயே ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் அதன் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மறைமாவட்ட எஸ்சி/எஸ்டி பணிக்குழுவில் கிடைக்கும்.

"வெளியே அடிக்கிற நேரத்தில் உள்ளே சண்டையா" என்ற வாதத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் பொய்யில்லை. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்துக் கன்னியர் இருவரைக் கட்டாய மதமாற்றம், ஆள்கடத்தல் என்று குற்றம் சாட்டிப் பிடித்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகே ஜாமீன் வந்தது. உங்கள் மாவட்டத்தில் விரகலூரில் பிறந்த ஸ்டான் சாமி அடிகளார் ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 83 வயதில் கைதாகி, நடுங்கும் கையோடு தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். இதையெல்லாம் நானும் பயத்தோடுதான் பார்க்கிறேன். ஆனால் அந்த அடிகளார் யாருக்காகச் சிறைக்குப் போனார் என்று யோசித்தால், அவர் பெயரைச் சொல்லி ஒரு தலித் தகப்பனை உட்கார வைக்க முடியாது. சிறுபான்மையினர் உரிமை என்பதில் சிறுபான்மைக்குள் இருக்கிற எளியவனின் உரிமையும் அடக்கம்.

பேசாமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூர் இருக்கிறது. தலித், வன்னியர் இரு தரப்பும் கத்தோலிக்கர். தலித் மக்கள் தங்கள் தேவாலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் செத்தார்கள். கும்பகோணம் மறைமாவட்டத்தில் கோட்டப்பாளையம் பங்கின் பிரச்சினை நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது. உங்கள் ஊர் அந்த இடத்துக்குப் போக வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். பேரவையில் வாயால் பேசியது காற்றோடு போய்விடும், எழுதிக் கொடுங்கள். கல்லறையில் எந்தப் பக்கம் யார் அடக்கம் செய்யப்படுகிறார்கள், தேர் எந்தெந்தத் தெருவில் திரும்புகிறது, எத்தனை வருஷமாக இப்படி, கடைசியாக யாருடைய அடக்கத்தின்போது தகராறு வந்தது, எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். திருச்சபைச் சட்டத்தின் 212ஆவது எண், திருச்சபையின் நலன் குறித்த தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்கும் உரிமை விசுவாசிகளுக்கு உண்டு, சில நேரம் கடமையும் உண்டு என்கிறது. அந்த எண்ணைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பங்குத்தந்தைக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று, ஆயருடையது பதிவுத் தபாலில். உங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தயாரானவர்கள் சேர்ந்து போட்டால் நல்லது. தனி ஆளாகப் போகாதீர்கள், ஊரில் தொழில் பண்ணிப் பிழைக்க வேண்டியவர் நீங்கள்.

அரசுச் சட்டம் வேண்டுமென்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அது எஸ்.சி., எஸ்.டி. என்று ரிக்கார்டில் இருப்பவர்களுக்கு. ஆனால் தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு எந்த மதத்தையும் விலக்கவில்லை. அதை வைத்தும் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை வைத்தும் வாதாட இடம் இருக்கிறது. அது கடைசி வழியாக இருக்கட்டும்.

மகளிடம் வடக்கன்குளத்தைப் பற்றிச் சொல்லுங்கள். நெல்லைச் சீமையில் இருக்கிற அந்த ஊரில்தான் தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் வாங்கினார். அதே ஊரில் பிறகு சாதிக்கு ஒரு பக்கம் என்று மக்களைப் பிரித்து நடுவில் சுவர் வைத்துக் கோவில் கட்டினார்கள். 1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை, கோர்ட்டு வரை போனது. இடித்தது இடித்ததுதான். 2022 மே 15 அன்று தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தியபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை வத்திக்கான் விட்டுவிட்டது. அதுவும் தானாக நடக்கவில்லை, விசுவாசிகள் எழுதிக் கேட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், தலித் மக்களிலிருந்து வந்த முதல் கர்தினால். உங்கள் மகளுக்கு உபதேசம் தேவையில்லை, அது அவளுக்கு நிறையக் கிடைத்திருக்கும். கேட்டவர்கள் இருந்ததால் எது எது மாறியது என்ற தகவல்தான் அவளுக்கு வேண்டும்.

"நான் யார்" என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்று தவிக்காதீர்கள். அவள் உங்களிடம் கேட்டிருக்கிறாள் என்பதே பெரிய விஷயம். பல வீடுகளில் பிள்ளைகள் கேட்பதில்லை, ஒருநாள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஊர்வலத்துக்கும் கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்கள் ஆயருக்கு எழுதும் கடிதத்தை அவளைத் திருத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வருவதும் வராததும் அவள் முடிவு.

ஓட்டு விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டுப் போடுவது கடமை என்று மறைக்கல்வி நூல் சொல்கிறது, யாருக்கு என்று சொல்லவில்லை. அரசியல் கட்சிகளில் தீவிரமாக ஈடுபடக் கூடாது என்று குருக்களுக்கே திருச்சபைச் சட்டத்தின் 287ஆவது எண் பொதுவாகத் தடை வைத்திருக்கிறது. நாட்டுச் சட்டத்திலும் வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்டால் அது தேர்தல் முறைகேடு. ஆகவே ஜாடைகளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு உங்கள் முடிவை நீங்கள் எடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: 1950 ஆணையின் மூன்றாவது பத்தியைப் பற்றி உங்கள் கட்சி என்ன சொல்கிறது? 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை, கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் எஸ்.சி. உரிமை கொடுக்கும்படி ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டு தீர்மானம் போட்டது. 2022-இல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு இன்னொரு ஆணையம் வைத்து, பிறகு அதன் காலத்தையும் நீட்டித்தது. அந்த மூன்றாவது பத்தியை எதிர்த்து 2004-இல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டே வந்தது. உள்ளூர் வேட்பாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி மகளின் படிப்பு. பி.சி. பட்டியலில் இருப்பது அநியாயம்தான். தமிழ்நாட்டில் எஸ்.சி.க்கு 18 சதவீதம், பி.சி.க்கு 26.5 சதவீதம். கேட்க அதிகமாகத் தெரியும், ஆனால் நிலமும் தலைமுறைப் படிப்பும் உள்ள சமூகங்களோடு அதில் அவள் மோத வேண்டும். கல்லறையில் உங்களைத் தள்ளிவைக்கிற குடும்பத்துப் பிள்ளையும் அதே வரிசையில் நிற்கலாம். ஆனாலும் கையில் இருப்பதை முழுசாக வாங்குங்கள். நிறையப் பேர் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எஸ்.சி.யிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறை ஆகியிருந்தாலும், மாநில பி.சி. பட்டியலில் உண்டு. ஒன்றிய அரசு நிறுவனங்களுக்கு ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும், அதில் வருமான வரம்பு 8 லட்சம். இரண்டும் வேறு வேறு சான்றிதழ். கவுன்சலிங் நாளில் ஓடாதீர்கள், இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஒதுக்கீட்டில் பி.சி. ஆனாலும், ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களையும் தமிழக அரசு சேர்த்திருக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள், தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை உண்டு. அவள் 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். சாமியார்கள் நடத்தும் பள்ளிகள் பலவும் உதவிபெறும் பள்ளிகள்தான், அதனால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் மறைமாவட்டக் கல்லூரிகளிலும் விண்ணப்பம் போடுங்கள். கிறித்தவச் சிறுபான்மை நிறுவனம் என்ற பெயரில் அவை வைத்திருக்கும் இடங்களில் முதல் உரிமை யாருக்கு இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலித் கிறித்தவர்களுக்கு எத்தனை இடம் கொடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பங்குத்தந்தையின் கடிதத்தோடு போய்க் கேட்டால் இன்னும் நல்லது. கல்லறை விஷயத்தில் உங்களோடு முரண்படுகிறவர் இந்தக் கடிதத்தை மனமுவந்து கொடுக்கலாம். மனிதர்கள் எல்லா விஷயத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

ஓபிசி, முதல் பட்டதாரி இரண்டுக்கும் ஆதார், குடும்ப அட்டை, உங்கள் சாதிச் சான்றிதழ், மகளின் டி.சி., வருமானச் சான்று இவற்றைத் தயாராக வையுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாயால் முடியாது என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். காரணத்தோடு எழுத்தில் மறுப்பு வாங்குங்கள், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த மறுப்புத் தாளின் நகலை எனக்கும் அனுப்புங்கள்.